நான்கு வீடுகளுக்கு ஒரு கொல்லை

காயல்பட்டினத்தில் என் தாயார் பிறந்த வீட்டிற்கு இரண்டு வாசல்கள். தெருவைப் பார்த்த வாசல் ஆண்களுக்கும் விருந்தினருக்கும் உரியது. பின்கட்டைக் கடந்து சென்றால் கொல்லையின் மூலையில் ஆளுயர மரக்கதவு ஒன்று இருக்கும். அது முடுக்கில் திறக்கும். திருமணமாகி ஊரைவிட்டு வரும்வரை தாம் முன்வாசல் வழியாக வெளியே சென்ற தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று உம்மா சொல்வார்கள். சொல்லும்போது அவர்கள் குரலில் குறை இருக்காது. ஏனெனில் அவர்களுடைய ஊர் முன்வாசலில் தொடங்கவில்லை, கொல்லையில் தொடங்கியது.

அந்தக் கொல்லை எங்கள் வீட்டிற்கு மட்டும் உரியதன்று. உம்மாவின் பாட்டனார் தம் நான்கு பெண்மக்களுக்கும் தம் நீண்ட மனையை நான்கு வீடுகளாகப் பிரித்துக் கொடுத்தார். சுவர்கள் எழும்பின, நான்கு தெருவாசல்கள் உண்டாயின, பத்திரங்களும் தனித்தனியே எழுதப்பட்டன. கொல்லையை மட்டும் அவர் பிரிக்கவில்லை. அங்கே ஒரு கிணறு, துவைகல், இரண்டு தென்னை, ஒரு முருங்கை, மருதாணிச் செடி. நான்கு வீட்டுப் பின்கதவுகளும் அதில் திறந்தன. தெருவில் நடந்துசெல்பவருக்கு அடுத்தடுத்து நான்கு சுவர்கள்தாம் தெரியும். அவற்றின் பின்னால் இப்படியொரு தோட்டம் இருக்கிறது என்பது உள்ளே வந்தவருக்கே தெரியும்.

சென்ற ஆண்டு அந்த நான்கு பங்குகளில் ஒன்று விலைக்கு வந்தது. உரிமை பெற்ற பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பும் எண்ணம் அவர்களுக்கில்லை. வாங்க முன்வந்தவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: கொல்லையிலும் நான்கில் ஒரு பங்கை அளந்து, கல் நட்டு, மதில் எழுப்பித் தரவேண்டும். அவர் கேட்டதில் தவறொன்றும் இல்லை. பணம் கொடுப்பவர் எல்லையைக் கேட்கத்தான் செய்வார். ஆனால் கொல்லையை நான்காக அளந்தபோது கிணறு எவர் பங்கிலும் முழுதாக விழவில்லை. இக்கட்டுரைக்குக் காரணமான கேள்வி அப்போதுதான் எழுந்தது: இத்தகைய இடங்கள் இதுவரை எப்படிக் காக்கப்பட்டன, எப்படி இழக்கப்பட்டன?

முதலில் எங்கள் ஊரின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சைப் பகுதியிலோ வடஆர்க்காட்டிலோ பிறந்த நம் சகோதரர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் திருமணமான பெண் புகுந்த வீட்டிற்குச் செல்வதில்லை. மணமகனே மனைவியின் வீட்டிற்கு வருகிறார். பெற்றோர் பெண்ணுக்கு வீட்டைக் கொடுக்கிறார்கள். அதனால் வீடு என்பது தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் சொத்தாகிவிட்டது. இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடமும் இவ்வழக்கம் உண்டு. டென்னிஸ் மெக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானுடவியலாளர் அக்கரைப் பற்றியும் நம் கரைப் பற்றியும் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கடல் வணிகத்திற்காக ஆண்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வெளியே இருந்த ஊர்களில் பெண்ணும் பிள்ளைகளும் தாயோடும் சகோதரிகளோடும் ஒரே இடத்தில் இருப்பது பாதுகாப்பு என்று எண்ணியிருக்க வேண்டும்.

இந்த வழக்கத்திற்கேற்பவே ஊரும் அமைந்தது. வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. ஆண்கள் நடமாடும் தெருக்களுக்கு இடையே பெண்கள் நடமாடுவதற்கென்று குறுகிய முடுக்குகள் ஓடுகின்றன. ஒரு பெண் தன் வீட்டுப் பின்கதவைத் திறந்து, முடுக்கு வழியாகவே சகோதரி வீட்டிற்கும், மையத்து வீட்டிற்கும், பெண்கள் தைக்காவிற்கும் போய்வர முடியும். வெளியூரிலிருந்து வருபவர்கள் முடுக்குகளைக் கண்டு, பெண்களை அடைத்துவைக்கும் ஏற்பாடு என்று முடிவு கட்டிவிடுவார்கள். உம்மாவைக் கேட்டால் வேறுவிதமாகச் சொல்வார்கள். சென்னைக்கு வந்த பிறகுதான், அடுக்குமாடி வீட்டின் கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்தபோதுதான், அடைபட்டதாக உணர்ந்தார்களாம்.

இவ்வழக்கத்திற்குள்ளேயே அதன் ஆபத்தும் இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் பெண்மக்கள் பிறக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வீடு வேண்டும். மனையோ வளராது. முதலில் வீடு பிரியும், பிறகு கொல்லை பிரியும், கடைசியில் முடுக்கின் ஓரம்வரை சுவர் வந்து நிற்கும். யாரும் பேராசைப்பட்டு இதைச் செய்வதில்லை. மகளுக்கு ஒரு கூரை அமைத்துத் தரும் அன்பே கொல்லையைத் தின்றுவிடுகிறது.

இங்கே கடல் கடந்த ஓர் ஊரின் கதையைச் சொல்ல வேண்டும். நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில், 48 ஆம் தெருவிற்கும் 49 ஆம் தெருவிற்கும் இடையே டர்ட்டில் பே கார்டன்ஸ் என்றொரு வீட்டுத் தொகுதி இருக்கிறது. 1860களில் ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்ட வரிசை வீடுகள் அவை. காலப்போக்கில் பழுதடைந்து மதிப்பிழந்து கிடந்தன. வீடுகளின் பின்புறத்தில் வேலி அடைத்த சிறுசிறு கொல்லைகள். 1918 முதல் சார்லட் ஹன்னவெல் சோர்ச்சன் என்னும் பெண்மணி அவ்வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கினார். இருபது வீடுகள், முதுகோடு முதுகு நிற்பவை, அவர் கைக்கு வந்தன.

அவர் செய்த காரியம் மிக எளிது. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையின் கடைசி ஆறடியை மட்டும் எடுத்துக்கொண்டார். இருபுறமும் சேர்ந்து பன்னிரண்டடி அகலத்தில், இருபது வீடுகளுக்கும் பொதுவான ஒரு நடைபாதைத் தோட்டம் உருவாயிற்று. மரங்கள் நட்டு, நடுவே ஒரு நீரூற்று அமைத்தார். எஞ்சிய கொல்லை அவரவருக்கு. இடையே தாழ்ந்த சுவர் மட்டும். வீடுகளின் உள்ளமைப்பையும் திருப்பிப்போட்டார்: சமையலறை முதலிய பணியறைகள் தெருப்பக்கம், அமர்ந்து பேசும் கூடங்கள் தோட்டத்தைப் பார்த்து. எட்வர்ட் டீன், வில்லியம் பாட்டம்லி என்னும் கட்டடக் கலைஞர்கள் இவ்வேலையைச் செய்தார்கள். 1920 அளவில் பணி முடிந்தது. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே ஒரு தோட்டம் இருப்பதே இன்றும் தெரியாது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தெருவுக்கு முதுகைக் காட்டி உள்முற்றத்திற்கு முகத்தைத் திருப்பும் வீட்டை ஒரு புதுமை என்று அமெரிக்க ஏடுகள் கொண்டாடியிருக்கின்றன. பெஸ் நகரத்திலும் டமாஸ்கஸிலும் அகமதாபாத்தின் போள்களிலும், ஏன், நம் கீழக்கரையிலும், வேறுவிதமான வீட்டை யாராவது கட்டியிருந்தால்தான் வியப்பு. ஆனாலும் அந்த அம்மையாரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. நம் முன்னோர் வாய்மொழியில் விட்டுச்சென்றதை அவர் பத்திரத்தில் எழுதி வைத்தார். வீடுகளை அவர் விற்றபோது, பொதுத் தோட்டத்தை யாரும் அடைக்கவோ பிரிக்கவோ கூடாது என்னும் கட்டுப்பாடு ஒவ்வொரு விற்பனையோடும் சேர்ந்து சென்றது. வீடு கைமாறும், கட்டுப்பாடு நிலத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். நூறாண்டுகளில் நடிகையரும் எழுத்தாளரும் இசைக்கலைஞரும் அங்கே வந்து வாழ்ந்து போயிருக்கிறார்கள். தோட்டம் அப்படியே இருக்கிறது.

அதே நகரில் மெக்டூகல் தெருவிற்கும் சல்லிவன் தெருவிற்கும் இடையே இன்னொரு தோட்டம் உண்டு. லோ என்னும் குடும்பம் 1844 இலும் 1850 இலும் கட்டிய வீடுகள் அவை. 1920களின் தொடக்கத்தில் வில்லியம் ஸ்லோன் காஃபின் என்பவருடைய நிறுவனம் அவற்றைச் சீரமைத்து, கொல்லைகளை ஒன்றாக்கியது. பணக்காரருக்காக அன்று, நடுத்தரக் குடும்பங்கள் நகரின் நடுவில் வாழ வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது அது. இன்று அவ்வீடுகளின் விலையைக் கேட்டால் நடுத்தரக் குடும்பங்கள் அத்தெருப் பக்கமே போகமாட்டார்கள் என்பது வேறு கதை.

நியூயார்க் மாநகரம் இவ்விடங்களைச் சட்டப்படி காக்கத் தொடங்கியது பின்னரே. 1963 இல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தின் மாபெரும் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது நகரம் அதிர்ந்தது. 1965 இல் மரபுச் சின்னங்களுக்கான சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே டர்ட்டில் பே கார்டன்ஸும், 1967 இல் மெக்டூகல்–சல்லிவன் தோட்டமும் மரபுப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. கவனிக்க வேண்டிய வரிசை இது. குடியிருந்தவர்கள் ஏறத்தாழ 45 ஆண்டுகள் தாமாகவே காத்துவந்ததைத்தான் அரசு பிறகு ஏற்றுக்கொண்டது. எவரும் காக்காமல் விட்ட ஒன்றை அரசு வந்து மீட்டதாக நினைத்துவிடக் கூடாது.

நம் பக்கம் இதற்கு அருகில் வரும் முயற்சி புதுச்சேரியில் நடந்தது. அங்கே பிரெஞ்சு நகரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதியின் தெற்கில் முஸ்லிம்களின் வீதிகள் இருப்பதைப் பலர் அறியார். காஜியார் வீதி, முல்லா வீதி என்னும் பெயர்களே வரலாறு சொல்லும். அவ்வீதிகளில் பிரெஞ்சு வளைவுகளும் சுதைவேலையும் கொண்ட முகப்பின் பின்னால் தமிழ் முற்றம் இருக்கும். அங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் சென்ற வணிகர்கள் பிரெஞ்சுக்காரரின் இந்தோசீனாவில் கடை வைத்தார்கள். சைகோன் நகரின் நடுவே இன்றும் நிற்கும் பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935 இல் எழுப்பியது. சைகோனில் ஈட்டிய பொருளின் ஒரு பகுதி இங்கே தேக்குத் தூண்களாகவும் வண்ணக் கண்ணாடிகளாகவும் வந்து சேர்ந்தது.

இன்டாக் அமைப்பு 1990களில் புதுச்சேரியின் மரபு வீடுகளைக் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 1,800 கட்டடங்கள் பட்டியலில் இருந்தன. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அவற்றில் மூன்றில் ஒரு பங்கு மறைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் துணையோடு வைசியர் வீதியில் வரிசையாகப் பல வீடுகளின் முகப்பைச் சீர்செய்தார்கள். 2008 இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் மரபு விருது கிடைத்தது. பாராட்டத்தக்க பணி. ஒரே தெருவில் திண்ணையும் தாழ்வாரமும் தொடர்ச்சியாக மீண்டும் நிமிர்ந்ததைப் பார்க்கவே புதுச்சேரிக்கு ஒருமுறை போகலாம். ஆனால் அது முகப்பைக் காக்கும் முயற்சி. மரபுச் சட்டங்கள் எங்கும் அப்படித்தான். தெருவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதையே முதலில் எண்ணுகின்றன. சென்னை உயர்நீதிமன்றம் 2010 இல் அளித்த தீர்ப்பின் வழியே 467 மரபுக் கட்டடங்களின் பட்டியல் ஒன்று உறுதிபெற்றது. 2012 இல் தமிழக அரசு மரபு ஆணையச் சட்டம் ஒன்றும் இயற்றியது. இவற்றில் எந்த ஒன்றும் நான்கு சகோதரிகளின் கிணற்றடியைத் தேடிக்கொண்டு வராது. காயல்பட்டின வீட்டின் முகப்பில் காக்க என்ன இருக்கிறது? ஒரு சுவர், ஒரு கதவு. அதன் அழகெல்லாம் முதுகுப்புறத்தில்.

ஆகவே சட்டம் வருமென்று காத்திராமல், நம் மார்க்கச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடினேன். ஆச்சரியம் என்னவென்றால், நபித்தோழர்களின் காலத்திலேயே இது அன்றாட வழக்காக இருந்திருக்கிறது.

'ஷுஃபா' என்னும் சொல்லை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். கூட்டுச் சொத்தில் ஒருவர் தம் பங்கை விற்க விரும்பினால், அந்நியரைவிட அவருடைய பங்காளிக்கே அதை வாங்க முன்னுரிமை உண்டு. பிரிக்கப்படாத ஒவ்வொன்றிலும் இந்த உரிமை உண்டென்றும், எல்லைகள் வகுக்கப்பட்டு வழிகளும் பிரிந்துவிட்டால் அது நீங்கிவிடுமென்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அறிவித்துவிட்டு விற்பதே கடமை; பங்காளி விரும்பினால் வாங்கலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம்.

புகாரியில் இதற்கு ஓர் அழகிய நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. அபூராஃபிஉ (ரலி) அவர்களுக்கு, ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களின் மனைக்குள்ளேயே இரண்டு அறைகள் சொந்தமாக இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளும்படி அவர் ஸஅத் (ரலி) அவர்களிடம் கேட்கிறார். ஸஅத் (ரலி) தயங்குகிறார். உடனிருந்தவர் வற்புறுத்திய பிறகு, நாலாயிரம் திர்ஹத்திற்கு மேல் தரமாட்டேன், அதையும் தவணையில்தான் தருவேன் என்கிறார். வெளியே ஒருவர் 500 தீனார் ரொக்கமாகத் தரத் தயாராக இருந்தார். அது அதைவிட மிகுந்த தொகை. இருந்தும், அண்டைவீட்டாருக்கே நெருக்கத்தால் உரிமை அதிகம் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லத் தாம் கேட்டதைச் சொல்லி, குறைந்த விலைக்கு, தவணைக்கு, அவ்விரு அறைகளையும் ஸஅத் (ரலி) அவர்களிடமே கொடுத்துவிட்டார் அபூராஃபிஉ (ரலி). இதில் என்னைக் கவர்ந்தது அவரது தியாகம் மட்டுமன்று. வாங்குபவர் ஆர்வமாக இல்லை என்பதையும் அறிவிப்பு மறைக்கவில்லை. குடும்பங்களில் நடப்பது அப்படியே இருக்கிறது.

மத்ஹபுகளுக்கிடையே இதில் வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் மூவருக்கு வரிசையாக இந்த உரிமை கிடைக்கும்: முதலில் கூட்டு உரிமையாளர், அடுத்து வழி, நீர் போன்ற வசதிகளில் பங்குள்ளவர், மூன்றாவதாக ஒட்டியுள்ள அண்டைவீட்டார். கடற்கரையூர்களில் நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலோ கூட்டு உரிமையாளருக்கு மட்டுமே. எங்கள் நான்கு வீடுகளைப் பற்றி ஓர் ஆலிமிடம் கேட்டோம். வீடுகள் சுவரெழுப்பிப் பிரிக்கப்பட்டுவிட்டதால் அவற்றில் எங்களுக்கு உரிமை கோர இடமில்லை என்றும், பிரிபடாத கொல்லையின் பங்கு விற்கப்படுமானால் அதில் மட்டும் உண்டு என்றும் விளக்கினார். இதே வீடுகள் ஹனஃபி ஊரொன்றில் இருந்திருந்தால், கிணற்றையும் பாதையையும் பகிர்ந்துகொள்வதாலேயே வீட்டின் மீதும் உரிமை வந்திருக்கும். கொல்லையைப் பிரிக்காமல் விட்ட உம்மாவின் பாட்டனார் இதையெல்லாம் எண்ணித்தான் விட்டாரா, கிணற்றை அளக்க முடியாததால் விட்டாரா என்பது அல்லாஹ்வுக்கே தெரியும்.

இந்த உரிமை நம் மாநிலத்து நீதிமன்றங்களில் எடுபடாமல் போனதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. வட இந்தியாவின் பல பகுதிகளில் ஆங்கிலேயர் காலத்திலும் ஷுஃபாவை நீதிமன்றங்கள் ஏற்றன. அங்கே ஹிந்துக்களிடமும் அது ஊர் வழக்காகப் பரவியிருந்தது. ஆனால் 1870 இல் இப்ராஹிம் சாயபு வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. சொத்தை விரும்பியவருக்கு விற்கும் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்துவது நீதிக்கும் நேர்மைக்கும் பொருந்தாது என்பது அன்றைய நீதிபதிகளின் கருத்து. மலபாரில் ஊர்வழக்காக நிரூபிக்கப்படும் இடங்கள் தவிர, சென்னை மாகாணம் முழுவதும் அந்த வாசல் அடைபட்டது.

இரண்டாவது வாசல் வக்ஃப். குடும்பத்தின் நன்மைக்காகவே ஒரு வீட்டையோ தோட்டத்தையோ விற்க முடியாதபடி நிறுத்திவைக்கும் முறை நம்மிடம் நெடுங்காலமாக இருந்தது. 1894 இல் இலண்டன் பிரிவி கவுன்சில், வங்காளத்திலிருந்து சென்ற அபுல் ஃபத்தா வழக்கில், ஏழைகளுக்கான பயன் பெயரளவில் மட்டுமே உள்ள குடும்ப வக்ஃப் செல்லாது என்றது. முஸ்லிம்களிடையே பெருங்கொந்தளிப்பு எழுந்தது. முகமது அலி ஜின்னா 1911 இல் மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா 1913 இல் சட்டமாகி அவ்வுரிமையை மீட்டது. ஆனால் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் எத்தனை வீடுகள் பங்குபோட்டு விற்கப்பட்டிருக்கும்!

மூன்றாவதாக ஒரு சிறு கதவு இருக்கிறது. நம்மில் பலருக்கு இது தெரிவதில்லை, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். 1893 ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம், நான்காம் பிரிவு. பிரிவுபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒருவருடைய பங்கை வெளியார் வாங்கி, பிரித்துத் தரும்படி வழக்குத் தொடுத்தால், குடும்பத்தின் மற்றப் பங்காளி அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ளலாம். ஹிந்துக் கூட்டுக்குடும்பத்திற்கு மட்டும் உரியதன்று இது; முஸ்லிம் குடும்பங்களுக்கும் பொருந்துமென்று நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. அவ்வாறு பங்கு வாங்கிய வெளியார் வீட்டிற்குள் வந்து கூட்டாகக் குடியிருக்க உரிமை கோர முடியாது என்று 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் சொல்கிறது. 1870 இல் தலைவாசலில் மறுத்ததை 1893 இல் கொல்லைப்புறமாக ஓரளவு திருப்பித் தந்தார்கள் என்றே தோன்றுகிறது. ஆனால் இந்த உரிமை தானாக நம்மிடம் வந்துவிடாது. வாங்கியவர் பிரிவினை கேட்டு நீதிமன்றம் ஏறினால்தான் இப்பிரிவு பயன்படும். கோர வேண்டியவர் கோரவும் வேண்டும், பணமும் கையில் இருக்க வேண்டும்.

பணம் என்றவுடன் பைருஹா நினைவுக்கு வருகிறது. மதீனாவில் மஸ்ஜிதுன் நபவிக்கு எதிரே இருந்த பேரீச்சந் தோட்டம் அது. உரிமையாளர் அபூதல்ஹா (ரலி). பெருமானார் (ஸல்) அவர்கள் அத்தோட்டத்தினுள் சென்று அதன் இனிய நீரை அருந்துவது வழக்கம். விரும்புவதிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடையமாட்டீர்கள் என்னும் கருத்துடைய திருவசனம் இறங்கியபோது, தம் சொத்துக்களில் தமக்கு மிகவும் பிரியமானது பைருஹாதான், அதை அல்லாஹ்வுக்காகக் கொடுத்துவிட்டேன் என்று அபூதல்ஹா (ரலி) அறிவித்தார். அதை உறவினர்களுக்குக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஆலோசனை கூற, அவ்வாறே பங்கிட்டார். இதுவரை நாம் ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி கேட்டதுதான்.

கேட்காத பகுதி ஒன்று புகாரியிலேயே இருக்கிறது. பங்கு பெற்றவர்களில் உபை பின் கஅப் (ரலி), கவிஞர் ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) ஆகியோர் இருந்தனர். பின்னாளில் ஹஸ்ஸான் (ரலி) தம் பங்கை முஆவியா (ரலி) அவர்களுக்கு விற்றார். அபூதல்ஹாவின் தர்மத்தையா விற்கிறீர் என்று கேட்டார்கள். ஒரு மரக்கால் பேரீச்சம்பழத்தை ஒரு மரக்கால் வெள்ளிக்காசுக்கு விற்காமல் இருப்பேனா என்று அவர் திருப்பிக் கேட்டார். தோட்டம் இருந்த இடத்தில் மாளிகை எழும்பியது. இன்று அந்த நிலம் முழுவதும் விரிவாக்கப்பட்ட மஸ்ஜிதுன் நபவியின் வளாகத்திற்குள் அடங்கிவிட்டது.

ஹஸ்ஸான் (ரலி) அவர்களைக் குறைசொல்ல நமக்குத் தகுதியில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்டது அவருடைய சொத்து, விற்க அவருக்கு உரிமை இருந்தது. எனினும் கேள்வி கேட்டவர்களின் மனத்தாங்கலும் அறிவிப்பில் அப்படியே நிற்கிறது. இதே காலத்தில் உமர் (ரலி) அவர்கள் கைபரில் கிடைத்த நிலத்தை விற்கவோ, வாரிசாகப் பெறவோ, அன்பளிக்கவோ முடியாதபடி நிறுத்திவைத்து, விளைச்சலை மட்டும் வழங்கினார்கள். இரண்டும் தர்மமே. ஒன்று பங்கானது, மற்றொன்று நின்றது. உம்மாவின் பாட்டனார் கொல்லையை வக்ஃப் என்று எழுதியிருந்தால் எங்களுக்கு இன்று இந்தக் கவலையே இல்லை. அவர் எழுதவில்லை, பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டார்.

நான் இப்போது குடியிருப்பது கோவிலம்பாக்கத்தில். மேடவாக்கம் சாலைக்கு அருகே, ஒரு காலத்தில் ஏரிப்பாசன வயலாக இருந்த நிலத்தில் எழுந்த அடுக்குமாடி. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி, நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திற்கு நீர் ஓடிய பகுதி இது. மழைக்காலத்தில் நிலம் தன் பழைய வேலையை மறக்கவில்லை என்பதை எங்களுக்கு நினைவூட்டும். என் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், எனக்கு விற்கப்பட்டது ஒரு வீடும், நிலத்தில் 'பிரிக்கப்படாத பங்கு' இத்தனை சதுர அடியும் என்று இருக்கிறது. பல தடவை கையெழுத்துப் போட்டும் அந்தச் சொல்லை நான் கவனித்ததில்லை. ஃபிக்ஹு நூல்கள் பன்னிரண்டு நூற்றாண்டுகளாக விவாதித்துவரும் அதே சொல்! காயல்பட்டினத்தில் நான்கு சகோதரிகள் அறிந்தே வைத்திருந்த உறவில், இங்கே 48 குடும்பங்கள் அறியாமலேயே இருக்கிறோம்.

எங்கள் குடியிருப்பின் பின்புறம் பதினைந்தடி அகலத்தில் ஒரு வெற்றிடம் உண்டு. இரண்டு வேம்பு, ஒரு புங்கை, பிள்ளைகள் பந்தடிக்கும் மண். பெரிய மனைகளில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்னும் அரசு விதி எங்களைப் போன்ற சிறிய மனைகளுக்குப் பொருந்தாது. ஆகவே இவ்விடத்தைக் காப்பதும் கெடுப்பதும் எங்கள் கையில். கார் நிறுத்தக் கூரை போட வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வந்தது. அதன் நியாயத்தை மறுக்க முடியவில்லை; வெயிலில் நிற்கும் கார் எனக்கும் உண்டு. நான் எழுந்து நியூயார்க்கில் ஆறடி எடுத்த அம்மையாரின் கதையைச் சொன்னேன். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஒரு பெரியவர், தம் மயிலாப்பூர் வீட்டில் ஐந்து குடித்தனங்களுக்குப் பொதுவாக இருந்த முற்றத்தையும் துளசி மாடத்தையும் பற்றிப் பேசினார். பேச்சு எங்கோ போய், முடிவு அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டது. இரு வேம்புகளும் இன்றுவரை நிற்கின்றன.

காயல்பட்டினத்துக் கொல்லையின் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். விற்கும் பிள்ளைகளிடம் உம்மாவே தொலைபேசியில் பேசினார்கள். ஷுஃபாவைப் பற்றியோ 1893 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அவர்களுடைய தாய் எந்தத் தென்னைக்கு அடியில் அமர்ந்து மருதாணி அரைப்பார் என்பதை மட்டும் கேட்டார்கள். வீட்டை வெளியாருக்கு விற்பதென்றும், கொல்லைப் பங்கை மட்டும் மற்ற மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கிக்கொள்வதென்றும் பேச்சு முடிந்திருக்கிறது. வாங்குபவருக்கும் கிணற்றில் நீரெடுக்கவும் முடுக்குக் கதவு வழியாகப் போய்வரவும் உரிமை எழுதித் தருகிறோம். அந்த வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னதும் உம்மாதான். மூன்று குடும்பமும் கொல்லையை இனிப் பிரிக்க முடியாத வக்ஃபாக எழுதுவதா, கட்டுப்பாட்டுப் பத்திரம் போதுமா என்பதில் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. பதிவு அலுவலகத்தில் நாள் கேட்டிருக்கிறோம். மூன்று பங்கின் தொகையில் எங்கள் பங்கு இன்னும் முழுதாகச் சேரவில்லை.